இத்தா அறைக்கு வயரில்லாத ஒரு கொன்ட்ரோலர்

துக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு, முன்பொரு துக்கத்தில் அவரைச் சிரிக்க வைத்த பொருளையே திரும்பவும் வாங்கிக் கொடுக்கலாமா? சில வாரங்களாக இந்தக் கேள்வியோடு நான் படும் பாடு என் வீட்டுக்காரருக்கு வேடிக்கையாக இருக்கிறது. வேலையால் வந்து சட்டையைக் கழற்ற முன்னமே, "என்ன புள்ள, இண்டைக்காவது முடிவு வந்திச்சா, இல்ல இன்னும் சோதினை நடக்குதா?" என்று கேட்கிறார். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான். நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் முதலில் நான்கும் சரியாகத் தோன்றும், பிறகு நான்கும் பிழையாகத் தோன்றும். இப்போது என் முன்னால் இருப்பவை இரண்டே இரண்டு. டீவி கேம் விளையாடுகிற கொன்ட்ரோலர்கள். இரண்டும் இன்றைய கன்சோலுக்கென்று வயரில்லாமல் செய்யப்பட்டவை, ஆனால் பார்வைக்கு என் சின்ன வயதுக் காலத்துச் சாமான்கள் போல இருக்கின்றன. ஒன்று சவர்க்காரக் கட்டி மாதிரி நீள்சதுரமானது. இடப்பக்கம் கூட்டல் குறி போல ஒரு பொத்தான், வலப்பக்கம் இரண்டு சிவப்புப் பொத்தான்கள், அவ்வளவுதான். மற்றது இரண்டு அந்தமும் உருண்டு நடுவில் ஒடுங்கியது. நான்கு நிறத்தில் நான்கு பொத்தான்கள். வாங்கப் போவது என் பிள்ளைகளுக்கு அல்ல. என் சாச்சிக்கு, உம்மாவின் தங்கைக்கு. அவர் இப்போது இத்தாவில் இருக்கிறார்.

கணவன் இறந்த, எங்கள் பேச்சில் மவுத்தான, பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பதைத்தான் இத்தா என்கிறோம். எங்கள் பகுதியில் வெள்ளை உடுத்து, ஓர் அறைக்குத் திரை போட்டு அதற்குள் இருத்துவார்கள். வெளிப்பயணம் இல்லை, நகை இல்லை, அத்தர் இல்லை. மிக நெருங்கிய உறவுக்காரரைத் தவிர வேறு ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. பெண்கள் வந்து கட்டிப் பிடித்து அழுதுவிட்டுப் போவார்கள். சாச்சிக்கு இது இரண்டாவது இத்தா. முதலாவது இத்தாவில் அவருக்குத் துணையாக இருந்தவள் நான். அப்போது நான் நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன்.

கல்முனைக்குடியில் எங்கள் வளவில் வீடுகள் பெண்பிள்ளைகளின் பெயரில்தான் எழும்பின. முன்னால் உம்மாவின் வீடு, பின்னால் சாச்சியின் வீடு. கலியாணம் முடித்த ஆண்கள் அந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். சாச்சிக்கு இரண்டு முறை கலியாணம் நடந்ததால் எனக்கு இரண்டு சாச்சாமார். குழப்பம் வராமல் இருக்க, என் மனசுக்குள் அவர்களை ஸவூதிச் சாச்சா, நிந்தவூர்ச் சாச்சா என்று வைத்துக்கொண்டேன். ஸவூதிச் சாச்சாவை எனக்கு அதிகம் தெரியாது. கலியாணம் முடிந்த சில மாதத்திலேயே ஸவூதிக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒரே ஒரு முறை லீவில் வந்தார். வரும்போது போர்வை, பால்மா, தலைவலித் தைலம் என்று எல்லோரும் கொண்டுவருவதை அவரும் கொண்டுவந்தார். கூடவே ஒரு பெட்டிக்குள் டீவி கேம் இருந்தது. சாம்பல் நிறப் பெட்டி, அதிலிருந்து இரண்டு வயர், ஒவ்வொரு வயரின் நுனியிலும் சவர்க்காரக் கட்டி போல ஒரு ரிமோட். அந்தக் காலத்தில் நாங்கள் அதை ரிமோட் என்றுதான் சொல்வோம். பெட்டியில் செருகுகிற கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தால் சுற்றிச் சுற்றி அதே சில ஆட்டங்கள்தான், பெயரும் நிறமும் மட்டும் மாறியிருக்கும்.

லீவு முடிந்து போன சாச்சா திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அவருடைய மவுத்துச் செய்தி வந்தது. நல்லடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. முகமும் பார்க்காமல், உடலைச் சுமக்கும் சந்தூக்கும் வாசலால் போகாமல், சாச்சி வெள்ளை உடுத்து அறைக்குள் போனார். அவருக்கு அப்போது என்ன வயது என்று இப்போதுதான் கணக்குப் பார்க்கிறேன். இன்றைய என்னைவிட எவ்வளவோ இளையவர். அவர் அழவில்லை, பேசவுமில்லை. தட்டில் வைத்த சோறு வைத்தபடி திரும்பி வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நீ சாச்சியோடு போய் இரு என்று உம்மா என்னை அனுப்பினார். நான் போய் இருந்தேன். ஓர் அறைக்குள் பேசாத ஒரு பெரிய ஆளோடு இருப்பது ஒரு சிறுபிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று பெரியவர்கள் யோசிக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, அலுத்துப் போய், "சாச்சி, கேம் போடவா?" என்று கேட்டேன். சாச்சி வேண்டாம் என்று சொல்லவில்லைதானே என்று, ஹோலில் இருந்த டீவியைப் போட்டேன்.

நான் விளையாடியது பழம் பிடிக்கிற ஆட்டம். மேலேயிருந்து பழங்கள் விழும். கீழே ஒரு சின்ன உருவம் கூடையோடு ஓடிப் பிடிக்க வேண்டும். இடையிடையே கல்லும் விழும். கல் கூடைக்குள் விழுந்தால் கூடை உடைந்து, 'டொய்ங்' என்று நீளமாக ஒரு சத்தம் வரும். நான் கல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் முதுகுக்குப் பின்னால், திரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "வலப்பக்கம் போகா! வலப்பக்கம்! அது கல்லுகா, கண்ணு தெரியாதா உனக்கு?" பல நாளைக்குப் பிறகு கேட்ட சாச்சியின் குரல் அது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயந்து வலப்பக்கம் ஓடினேன்.

அதற்குப் பிறகு அது எங்கள் இரண்டு பேருடைய வேலையாகிவிட்டது. டீவியை அறைக்குள் கொண்டுபோக ஏலாது. இத்தா அறைக்குள் டீவி என்றால் ஊர் என்ன சொல்லும்? சாச்சி அறையைவிட்டு ஹோலுக்கு வரவும் மாட்டார், யாராவது வந்துவிடுவார்கள். வயரோ கட்டை. ஆகவே கேம் பெட்டியை வாசற்படி வரை இழுத்து வைப்பேன். டீவியிலிருந்து பெட்டிக்குப் போகும் வயர் ஹோலுக்குக் குறுக்கே கொடிக்கயிறு மாதிரி இறுகி நிற்கும். திரையை ஒரு சாண் ஒதுக்கி, சாச்சி பாயில் உட்கார்ந்து உள்ளேயிருந்து விளையாடுவார், நான் வெளியேயிருந்து விளையாடுவேன். டீவித் திரையின் இடப்பாதியில் விழும் பழம் அவருக்கு, வலப்பாதியில் விழுவது எனக்கு. பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நிறுத்திவிடுவார். ஒரு பழம் பாதி வழியில் இருந்தாலும் நிறுத்திவிடுவார்.

ஒருநாள் சாய்ந்தமருதிலிருந்து ஸவூதிச் சாச்சாவின் சொந்தக்காரப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். ஸலாம் சொல்லும் சத்தம் கேட்கும்போதே முன்னால் வந்தவர் ஹோலுக்குள் கால் வைத்துவிட்டார். நான் டீவியின் வெளிச்சத்தை மட்டும் குறைத்து இருட்டாக்கினேன், சத்தத்தை மறந்துவிட்டேன். பெட்டியை ஹோலில் வாசற்படியோடு கிடந்த கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். தன் கையில் இருந்த ரிமோட்டைச் சாச்சி எங்கே வைத்தாரென்று நான் காணவில்லை. பெண்கள் உள்ளே போய் ஒவ்வொருவராகச் சாச்சியைக் கட்டிப் பிடித்தார்கள். முதல் ஆள் இறுக்கிப் பிடித்ததும் ஹோலில் இருட்டான டீவிக்குள்ளிருந்து 'டொய்ங்' என்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, சாச்சி ரிமோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னகா அது சத்தம்?" என்றார் ஒரு மாமி.

உம்மா வாசலில் நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம் அவருக்கு. "மணிக்கூடு மாமி. பழுது. நேரங்கெட்ட நேரத்துல அடிக்கும்" என்றார்.

அடுத்தவர் கட்டிப் பிடித்தார். 'டொய்ங்.' சாச்சியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. வெள்ளைச் சேலையால் முகத்தை மூடிக்கொண்டார். "அழுங்க புள்ள, நல்லா அழுங்க, மனசுல அடக்கி வெக்காதீங்க" என்று அந்த மாமி தானும் குரலெடுத்து அழுதார். அவர் அழ, மற்றவர்கள் அழ, எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து சாச்சியை அணைக்க, டீவிக்குள் கூடை கூடையாக உடைந்தது. சேலைக்குள்ளிருந்து சாச்சி விட்ட சத்தத்தை அந்த அறையில் இருந்த எவரும் சிரிப்பென்று நினைக்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும். பிறகு ஒரு கட்டத்தில் எனக்கும் தெரியாமல் போனது. வேன் போன பிறகும் அந்தக் குலுக்கம் நிற்கவில்லை. சேலையை விலக்கிப் பார்த்தபோது முகமெல்லாம் கண்ணீராக இருந்தது. அன்று இரவுச் சோற்றைச் சாச்சி முழுவதும் சாப்பிட்டார்.

இத்தா முடிந்ததும் அவர் அந்த கேமைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. ஓரிரு வருடத்தில் நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளை பேசி வந்தது. அதற்குப் பிறகு சுனாமியில் கடல் வந்து போனது. வளவில் எந்தச் சாமான் எங்கே போனதென்று யாரும் தேடவில்லை, ஆட்கள் மிஞ்சியதே போதுமென்று இருந்தது. நிந்தவூர்ச் சாச்சா வயல் செய்கிறவர். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் சேறு அப்பியிருக்க வருவார். உடுப்பு மாற்றாமல் வீட்டுக்குள் வரமாட்டார். நான் புத்தகத்தோடு இருப்பதைக் கண்டால், "டீச்சர், இந்தப் போகம் மழை வருமா எண்டு அதுல போட்டிரிக்கா?" என்று கேட்பார். ஸவூதிச் சாச்சாவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கதைத்து நான் கேட்டதில்லை. ஆனால் இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதுகிற நாட்களில் அந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்ளும்படி லெப்பையிடம் மெதுவாகச் சொல்லுவார் என்று உம்மா சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். எனக்குத் தங்கச்சி, அவளுக்கு நான் ராத்தா. இப்போது ஆசிரியர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் நிந்தவூர்ச் சாச்சா மவுத்தானார்.

இந்த முறை சந்தூக்கு வாசலால் போனது. சாச்சி முகம் பார்த்தார். ஆனால் இந்த முறையும் அழவில்லை. முதல் முறை பேசாமல் இருந்தவர் இப்போது நன்றாகவே பேசுகிறார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வருகிறவர்களுக்கு அவரே ஆறுதல் சொல்கிறார். தேநீர் குடித்தீர்களா, பஸ்ஸிலா வந்தீர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் சுகமா என்று கேட்டு அனுப்புகிறார். எல்லோரும் போன பிறகு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் தையலில் இரண்டு பெருவிரலையும் இடமும் வலமுமாக அழுத்திக்கொண்டு இருக்கிறார். நான் அதைக் கண்டபோது எனக்குப் பழைய வாசற்படி ஞாபகம் வந்தது. விரல் நோவுக்குத்தான் அப்படிச் செய்தாரோ என்னவோ. சாச்சிக்கு இப்போது காலையில் விரல் மூட்டுகள் வீங்கும். நான் எதையும் கூடுதலாக நினைக்கிறவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

முன் வீட்டில் இப்போது உம்மாவோடு நாங்கள்தான் இருக்கிறோம், அங்கே ஒரு கன்சோல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் தன் கூட்டாளியிடம் வாங்கியது. பழம் பிடிக்கிற மாதிரிப் பழைய ஆட்டங்களையும் அதில் இறக்கி விளையாடலாம் என்று அவர்தான் சொன்னார். "அதுக்கெண்டு பழைய டிசைன்ல கொன்ட்ரோலரும் வருது. ரெட்ரோ எண்டு சொல்லுவாங்க. உடம்பு புதுசு, உடுப்பு பழசு." அன்றிலிருந்து என் சின்ன மகள் தூங்கும் நேரமெல்லாம் நான் போனில் விமர்சனங்கள் வாசிக்கிறேன். பொத்தான் அமுங்கும் சத்தத்துக்காக உலகத்தில் இத்தனை பேர் சண்டை பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அமுக்கினால் திரையில் எவ்வளவு பிந்தி நடக்கிறது, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், கன்சோலைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் பொத்தான் அதிலேயே இருக்கிறதா என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். வெள்ளைச் சேலை மடிப்புக்குள் மறைக்க எது வசதி என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

என் கணக்கில் இரண்டுக்கும் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. நீள்சதுரமானது சாச்சியின் கைக்குத் தெரிந்தது, பார்த்த உடனே விரல் போய் உட்காரும். ஆனால் அதன் நான்கு மூலையும் உள்ளங்கையில் குத்தும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வீங்கிய விரலுக்கு அது ஆகாது. உருண்டையானது பிடிக்கச் சுகம். ஆனால் நான்கு பொத்தான், மேல் விளிம்பில் இன்னும் இரண்டு. இன்னொரு தொல்லையும் இருக்கிறது. எங்கள் இரண்டு வீட்டிலும் இந்தச் சாமான்களைப் பொருத்தத் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அவர் இப்போது சாச்சியின் வீட்டுக்குள் போக ஏலாது. நான்தான் கன்சோலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்த வேண்டும், அவர் எங்கள் குசினி ஜன்னலால் சத்தம் போட்டுச் சொல்லித் தருவாராம். நீள்சதுரமானதற்கு ஒரு சின்னத் துண்டைக் கன்சோலில் செருகினால் போதும். உருண்டையானதை புளூடூத்தில் இணைக்க வேண்டும், இரண்டு பொத்தானை ஒன்றாக அமுக்கிப் பிடித்து வெளிச்சம் மின்னும் வரை நிற்க வேண்டும். அவர் ஜன்னலால் கத்துவது தெருவரைக்கும் கேட்டால் என்ன செய்வது என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

இத்தாவில் இப்படி விளையாடலாமா என்ற பயமும் இருந்தது. பெண்கள் மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கிற ஆலிமாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் "தொழுகை பிந்தக்கூடாது. மியூசிக்க நிப்பாட்டிப் போடுங்க. இத்தா எண்டா ஜெயிலா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எது நல்லமெண்டு பாத்தா எனக்கும் சொல்லுங்க, எங்கட மகன் உயிர வாங்குறான்" என்றார். உம்மாவுக்குத்தான் விருப்பமில்லை. "அவள் இன்னும் அழல்ல மகள். அழ வெக்கிற சாமான் இரிந்தா வாங்கு, சிரிக்க வெக்கிறத வாங்காத" என்றார். அந்த நாளில் சேலைக்குள் நடந்தது இரண்டும்தானே என்று நான் உம்மாவிடம் சொல்லவில்லை.

உண்மையில் என்னைத் தடுத்து வைத்தது உம்மா அல்ல, தங்கச்சி. ஒருநாள் என் போனில் அந்தப் படங்களைக் கண்டுவிட்டாள். "ராத்தா, இது உம்மாக்கா? உம்மாக்கு கேம் விளையாடத் தெரியுமா?" என்றாள். முந்தி என்னோடு விளையாடியிருக்கிறார் என்றேன். "ஆரு வாங்கிக் குடுத்த?" வெளிநாட்டிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லி, சின்னவளுக்குப் பால் கரைக்கப் போய்விட்டேன். அவளுக்கு முன்னால் அவளுடைய உம்மாவுக்கு ஒரு கலியாணம் நடந்தது என்று அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு. தன் வாப்பாவின் இத்தாவில், வாப்பாவுக்கு முந்திய மனிதர் கொண்டுவந்த சாமானின் அதே வடிவத்தில் ஒன்றைத் தன் உம்மா கையில் வைத்துச் சிரிப்பதை அவள் பார்ப்பது வேறு. நான் யாருக்கு ஆறுதல் கொண்டுபோகிறேன், யாருக்கு நோவு கொண்டுபோகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. உருண்டையானதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று ஒருநாள் நினைப்பேன். அப்படியென்றால் அது வெறும் விளையாட்டுச் சாமான்தானே, அதை ஏன் சாச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று அடுத்த நாள் நினைப்பேன்.

சாச்சியின் கை அளவை மட்டுமாவது பார்ப்போம் என்று, சென்ற வெள்ளிக்கிழமை பகல் சோறு கொண்டுபோகும்போது எங்கள் கன்சோலின் கொன்ட்ரோலரைக் கூடைக்குள் வைத்து எடுத்துப் போனேன். சாச்சி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னகா மகள் இது, நண்டு மாதிரி? ரெண்டு கண்ணையும் வெளிய தள்ளிக்கிட்டு?"

"அது கண்ணில்ல சாச்சி. அத உருட்டித்தான் ஆள நடக்க வெக்கிற."

"பின்னாலயும் பொத்தானா? எனக்கு எட்டு காலா இரிக்கி, இதெல்லாம் அமுக்க?"

வாசலில் தேநீர்க் கோப்பையோடு வந்த தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கண்ட தைரியத்தில், யோசிக்காமல், போனை எடுத்து இரண்டு படத்தையும் சாச்சியிடம் காட்டிவிட்டேன். இத்தனை வாரம் யோசித்தவள் யோசிக்காமல் செய்தது அது ஒன்றுதான். சாச்சி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நீள்சதுரத்தில் நின்றார். சிவப்புப் பொத்தானின் மேல், கண்ணாடியில், பெருவிரலை வைத்தார். நான் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தேன். சாச்சியும் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒளிக்காமல், சோறு போடட்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

"இது மாதிரித்தான் அது. உன்ட வாப்பாக்கு முந்தி என்னை முடிச்சவரு கொண்டுவந்தவரு. நமக்குப் புள்ள பொறந்தா விளையாடும் எண்டு சொன்னவரு. புள்ளயும் இல்ல ஒண்டும் இல்ல, இப்பவே என்னத்துக்கு எண்டு நான் ஏசின."

நான் போனைத் திருப்பி வாங்கவா விடவா என்று தெரியாமல் கையை நீட்டியபடி இருந்தேன். தங்கச்சி கோப்பையைக் கீழே வைத்தாள். தன் உம்மாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். போனை எடுத்துத் தானும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அப்ப அது எனக்குத்தானே கொண்டுவந்திரிக்காரு" என்றாள்.

சாச்சி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. "ஓம் மகள்" என்றார், அவ்வளவுதான். பிறகு வெள்ளைச் சேலையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்த முறை அதற்குள் சிரிப்பு இருக்கவில்லை. தங்கச்சி அவரைக் கட்டிப் பிடித்தாள், அவளும் அழுதாள், தன் வாப்பாவைக் கூப்பிட்டு அழுதாள். நான் எழும்பி வெளியே வந்து, வேறு பெண்கள் யாரும் அந்த நேரத்தில் உள்ளே போகாதபடி வாசலில் நின்றேன். உள்ளே அழுகை ஓய்ந்த பிறகு சாச்சியின் குரல் கேட்டது. "ராத்தாட்ட சொல்லு, வாங்குறதெண்டா ரெண்டு வாங்கச் சொல்லு. ஒராள் விளையாட மற்ற ஆள் பாத்துக்கிட்டு இரிக்க ஏலாது."

உம்மா சொன்ன அழுகை வந்துவிட்டது, பிறகென்ன என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்கு அப்படி முடிந்ததாகத் தெரியவில்லை. அடுத்த நாள் காலை தங்கச்சி வளவில் தன் வாப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அது இப்போது எங்கும் போவதில்லை, அதில் சேறும் இல்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. நேற்றுச் சொன்னது மனசறிந்து சொன்னதா, இல்லை தன் உம்மாவுக்காகச் சொன்னதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "ராத்தா, அது என்னென்ன கலருல வருது?" என்று கேட்டாள். கலர் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுச் சில்லைக் கழுவினாள். அவள் சாச்சியின் மகள். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பப் பழகியவள். அந்தக் கேள்வியைத் தனக்காகக் கேட்டாளா, எனக்காகக் கேட்டாளா என்று இதை எழுதும் வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். கேம் விளையாடிப் பழகிய தம்பிமார், தங்கச்சிமார் இருந்தால் சொல்லுங்கள். நீள்சதுரமானதில் இரண்டை ஒரே கன்சோலில் ஒன்றாக விளையாட முடியுமா, இரண்டுக்கும் இரண்டு துண்டு செருக வேண்டுமா? மூலை குத்தாமல் இருக்க உறை ஏதாவது கிடைக்குமா? இத்தா இருந்து வந்த ராத்தாமார், மாமிமார் இருந்தால் நீங்களும் சொல்லுங்கள். உங்களிடம் நான் கேட்பது வேறு. அந்த நான்கு சுவருக்குள் இருந்தபோது, பழையதை ஞாபகப்படுத்தும் ஒன்றை உங்கள் கையில் யாராவது தந்திருந்தால் விரும்பியிருப்பீர்களா? வாப்பாவை இழந்த பிள்ளைகள் இருந்தால், உங்களிடமும் அதையே கேட்கிறேன். ஒரே மாதிரி இரண்டு வாங்கவா, சாச்சிக்கு ஒரு விதமும் தங்கச்சிக்கு வேறு விதமும் வாங்கவா? கொழும்பிலிருந்து சாமான் வந்து சேர நாளெடுக்கும், இத்தாவும் பாதி கடந்துவிட்டது. கொஞ்சம் சுருக்காக எழுதி அனுப்புங்கள்.